காகிதமா, கூகுள் ஃபார்மா? பாடம் எடுக்கும் முன்னே கருத்துக் கேட்பது

குடிநீரில் கலந்திருக்கும், அளவு மீறினால் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடு பற்றி ஒரு சின்ன ஆன்லைன் பாடம். தருமபுரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்காக வீடுவீடாகப் போகிற பெண்களுக்கு. எல்லாவற்றையும் ரெக்கார்டு செய்து முடித்த பிறகு "எப்படி இருக்கு?" என்று கேட்டால், திருத்தக் காசும் மிஞ்சியிருக்காது, மனசும் வராது. அதனால் முன்கூட்டியே கேட்க என்னென்ன வழி என்று முயன்று பார்த்தோம்.

ரொம்பச் சுலபம் வாட்ஸ்அப்தான். ஒரு பாடத்தை மட்டும் எடுத்து, கூகுள் ஃபார்மோடு குரூப்பில் போட்டோம். வந்தது: "சூப்பர் மேடம்", கைகூப்பும் படம், தம்ஸ் அப். பளபளப்பாக முடிந்த ஒன்றைக் கையில் கொடுத்தால் நம் ஊரில் யாருக்கும் குறை சொல்ல வாய் வராது. மேலே இருந்து வந்தது என்று நினைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒரே பலன், பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒருவர் "வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு" என்றார். ஃபைலின் அளவைக் குறைத்தோம்.

அடுத்து மருத்துவர். இவரைத் தவிர்க்க முடியாது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் ஃபுளோரைடின் உச்ச வரம்பு. அதற்கு மேல் போனால், பல் உருவாகும் சின்ன வயதில்தான் பல்லில் கறை விழும். தேய்த்தால் அது போகாது. இதில் எங்கே பிசகினாலும் அவர் கண்ணில்தான் படும். ஆனால் இரண்டு பக்கம் கொடுத்தால் நான்கு பக்கமாகத் திரும்பி வரும். எந்த வரி புரியாது என்பது, எல்லாம் புரிந்தவருக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவதுதான் காகிதம். பாலக்கோடு பக்கம் ஒரு திண்ணையில் ஐந்து பெண்களோடு உட்கார்ந்தோம். திரையில் வர வேண்டியதை ஏ4 தாளில் பேனாவால் கிறுக்கியிருந்தோம். படித்த பிறகு "புரிந்ததா?" என்று கேட்கவில்லை, "பக்கத்து வீட்டில் இதை எப்படிச் சொல்வீங்க?" என்றுதான் கேட்டோம். ஒரு அக்கா உடனே, "போர் தண்ணியை நல்லாக் காய்ச்சிக் குடிங்கன்னு சொல்லுவேன்" என்றார். இன்னும் இருவர் தலையாட்டினார்கள்.

எங்கள் தாளில் அப்படி ஒரு வரியே கிடையாது. வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று இத்தனை வருஷம் கேட்ட பாடமெல்லாம் காய்ச்சச் சொன்னதால், இதற்கும் அதுதான் மருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்திதான் கூடும். முதல் பாடத்தையே அங்கிருந்து தொடங்கும்படி மாற்றினோம். இன்னொருவர், "ஒகேனக்கல் தண்ணி வராத அன்னிக்கு என்ன பண்றது?" என்றார். ஒகேனக்கல் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததோடு கதை முடிந்தது என்பதுபோல எழுதியிருந்தோம். களி கிண்டும் தண்ணீரும் கணக்கில் சேரும், பிடித்து வைத்த ஒகேனக்கல் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் முதலில் ஒதுக்குங்கள் என்று ஒரு பகுதி அப்படித்தான் பிறந்தது.

ஐந்து பேர் போதுமா? ஐந்து பேரை வைத்தே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று வெப்சைட் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். அது வெப்சைட்டுகளைப் பற்றிய கணக்கு. இங்கே அப்படியே நம்ப மாட்டேன். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுகிறவர்கள் நிறைய. பாலக்கோட்டில் தேறியது அங்கேயும் தேறும் என்று சொல்ல முடியாது. பாடம் அங்கே போவதென்றால் தனியாக உட்கார வேண்டும்.

முழுப் பாடத்தையும் ஒரு பேட்ச்சுக்கு நடத்திப் பார்ப்பது நான்காவது வழி. யார் எந்தப் பாடத்தோடு நின்றுபோனார்கள் என்று தெரியும். ஆனால் அதற்குள் எல்லாம் எடுத்து முடிந்திருக்கும்.

என் வரிசை இதுதான்: முதலில் காகிதம், அப்புறம் மருத்துவர், கடைசியில் ஒரே ஒரு பாடம் வாட்ஸ்அப்பில். காகிதத்துக்கு ஆன செலவு பஸ் காசும் டீயும்.

திருத்திய தாளோடு மறுபடி போனபோது, அதே அக்கா நாங்கள் கேட்பதற்கு முன்பே பக்கத்தில் இருந்தவரிடம், "காய்ச்சினாலும் போகாதாம், தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் மைக்கை வெளியே எடுத்தோம்.