பழைய கார்: வீட்டு முற்றமா, கராஜா, வீடு தேடி வரும் மெக்கானிக்கா?

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி அனுமதி வந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் வாயைப் பிளக்க வைக்கும் வரியோடு. ஆகவே பழைய டொயோட்டா கொரோல்லாவோ நிசான் பி11 சன்னியோ வைத்திருக்கும் திருகோணமலைக்காரர்கள் இன்னும் கொஞ்சக் காலம் அதிலேயேதான் ஓடப்போகிறோம். பழுது பார்க்க மூன்று வழி: நாமே செய்வது, கராஜில் விடுவது, தெரிந்த மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுவது.

வேலை லேசா கஷ்டமா என்று பார்த்துத்தான் பலரும் முடிவெடுக்கிறார்கள். என் கணக்கு வேறு. வேலை பிழைத்துப்போனால் கார் ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான் என்றால் வீட்டில் செய்யலாம். பிழைத்தால் கார் நிற்காது என்றால் கராஜ்தான்.

பெற்றோலையும் காற்றையும் காபரேட்டரில் கலக்கும் பழைய எஞ்சின் வீட்டு வேலைக்கு ஏற்றது. பொனட்டைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும், கம்ப்யூட்டர் தொல்லை கிடையாது. ஒயில், எயார் ஃபில்டர், ஃபேன் பெல்ட், பற்றரி எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை வேலை. பொறி விடும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் எஞ்சினின் நாடியே பிடிபடும். முனை இளம் பழுப்பாக இருந்தால் சுகம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் அதிகம் போகிறது. ஒயில் பூசினாற்போல ஈரமாக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். வருடாந்தப் புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

சரி, முற்றம் எப்படிப்பட்டது? உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் என்றால் மணல். ஜக்கை நேரே வைத்தால் கார் ஏறாது, ஜக்தான் இறங்கும். அடியில் தடித்த பலகை வேண்டும். காருக்குக் கீழே போவதென்றால் இரும்பு ஸ்டாண்ட் கட்டாயம். சீமெந்துக் கல்லை அடுக்கிச் சமாளிப்பவர்கள் உண்டு, அது சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். கழிவு ஒயிலையும் ஒரு கலனில் பிடித்து வையுங்கள். மணலில் ஊற்றினால் கிணற்றுத் தண்ணீர் கெடும்.

அப்புறம் கடல் காற்று. இங்கே அரை மணித்தியால வேலை அரை நாளாவது துருப்பிடித்த நட்டால்தான். முதல் நாள் இரவே துருவை இளக்கும் டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டு, மறுநாள் ரிங் ஸ்பானரால் ஆறுதலாகத் திருப்ப வேண்டும். வாய் திறந்த ஸ்பானரைப் போட்டு இழுத்தால் நட்டின் மூலை மழுங்கிவிடும், பிறகு எதுவும் பிடிக்காது. சைலன்சர் பக்கத்து ஸ்டட் (நட்டுப் பூட்டும் மரையாணி) முறிந்தால் மினக்கெடாமல் கராஜுக்குக் கொண்டு போங்கள். அடித்தட்டுத் துருவுக்கு வெல்டிங்கும் அங்கேதான்.

பிரேக்கில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை, கராஜ்தான். பிரேக் ஒயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 என்ற பிரேக் ஒயில் தரத்துக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அதே தரத்துக்கு 140 போதும் என்று வைத்திருக்கிறார்கள், அவ்வளவுக்கு இறங்கும் சாமான் அது. கண்டிப் பக்க இறக்கத்தில் ஒயில் கொதித்தால் பெடல் அடிவரை போய்விடும். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுக்கும் நிப்பிளும் துருவில் இறுகியிருக்கும், பலவந்தம் செய்தால் முறியும்.

கராஜில் எரிச்சல் வருவது சாமானால். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளிலிருந்து அது வரும்வரை கார் வெயிலில் கிடக்கும். நாமே வாங்கிக் கொடுத்தால் விலை தெரியும், ஆனால் பிழையான சாமான் என்றால் பழியும் நம் தலையில்.

வீட்டுக்கு வரும் மெக்கானிக் நடுவழி. டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), வால்வு இடைவெளி சரிசெய்வது போன்ற வேலைகளுக்கு என் வாக்கு அவருக்குத்தான். பக்கத்தில் நின்று பார்த்தால் அடுத்த முறை பாதியை நாமே செய்யலாம். ஆனால் மோட்டார் சைக்கிள் பையில் வரும் ஆயுதத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஐப்பசி தொடங்கி தை வரை கூரையில்லாத முற்றத்தில் அவரைப் பிடிப்பதும் மழையின் கையில். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தேத்தண்ணியும் மத்தியானச் சாப்பாடும் அந்தக் கணக்கில் சேராது.