பன்னிரண்டு வருடமாகச் சுறா நிகழ்ச்சி பார்க்கிறேன், எனக்கு வேண்டியது இதுதான்

முதலில் மகனுக்காகப் போட்டுவிட்டது. கேபிள் டிவியில் தமிழ் டப்பிங்கில் ஓடும், நானும் கூட உட்கார்ந்து பார்ப்பேன். அவன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான், நான் இன்னும் நிறுத்தவில்லை, இப்போது ஓடிடியில் பார்க்கிறேன். இத்தனை வருடத்தில் ஒன்று பிடிபட்டது: மறுநாள் காலையில் யாரிடமாவது சொல்ல ஏதாவது மிச்சம் இருந்தால் அது நல்ல நிகழ்ச்சி. பல் மட்டும் நினைவிருந்தால் ஒரு மணி நேரம் வீண்.

வீணானவைதான் அதிகம். விளம்பரத்துக்கு முன்னால் ஒரு துடுப்பைக் காட்டுவார்கள், வந்த பிறகு அதே துடுப்பை மறுபடி காட்டுவார்கள், நடுவில் கூண்டுக்குள் ஒருவர் கத்துவார், பின்னணியில் டம் டம் என்று இசை. பல நாள் மியூட் போட்டே பார்த்திருக்கிறேன், பெரிதாக எதையும் தவறவிட்டதாகத் தோன்றவில்லை.

வருடத்தில் ஒரு வாரம் சுறா நிகழ்ச்சிகளாகவே போடும், 1988-இல் தொடங்கிய டிஸ்கவரியின் ஷார்க் வீக், 2013-இல் மெகலடான் இன்னும் உயிரோடு இருக்கலாம் என்று ஒரு படம் போட்டது. லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன சுறா அது. படத்தில் விஞ்ஞானிகளாக வந்தவர்கள் நடிகர்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 48 லட்சம் பேர் பார்த்தார்கள். இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. பயமுறுத்துவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சுறாவைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் அறிவியல் என்று நம்பி உட்கார்ந்த குழந்தையிடம் பொய் சொல்லக்கூடாது.

எனக்குப் பிடித்ததையும் சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் ஃபால்ஸ் பே வளைகுடாவில் சீல் தீவு இருக்கிறது. சீல் என்ற கடல்நாயைப் பிடிக்க வெள்ளைச் சுறா முழு உடம்போடும் தண்ணீருக்கு மேலே எம்பும் காட்சிகள் 2001 முதல் டிவியில் வந்து உலகம் முழுக்கப் பிரபலமாயின. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஆனால் அதற்கு அப்புறம் நடந்த கதை இதைவிடப் பெரியது! இருபது வருடத்துக்குள் அங்கே வெள்ளைச் சுறாக்கள் ஏறக்குறைய காணாமலே போய்விட்டன. சுறாக்களைக் கொன்று ஈரலை மட்டும் தின்னும் இரண்டு ஓர்கா திமிங்கலங்கள் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள், ஒன்றின் முதுகுத் துடுப்பு இடப்பக்கம் சாய்ந்திருக்கும், இன்னொன்றுக்கு வலப்பக்கம், அதனால் கப்பல்காரர்கள் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் சொல்லும் போர்ட், ஸ்டார்போர்ட் என்ற பெயர்கள். வெள்ளைச் சுறா தின்னும் சின்னச் சுறாக்களை மீன்பிடிப் படகுகள் அள்ளிவிட்டதுதான் காரணம் என்கிறார்கள் வேறு சிலர். வெள்ளைச் சுறா போன இடத்துக்கு ஏழு செவுள் பிளவு கொண்ட இன்னொரு சுறா வந்து சேர்ந்தது. இந்த வாதத்தை இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவிட்டால் நான் ஒரு நொடிகூட எழுந்திருக்க மாட்டேன்.

அதேபோல 2017-இல் வந்த பிபிசியின் கடல் தொடர் ப்ளூ பிளானெட் 2. பைஜாமா சுறா ஒன்று ஆக்டோபஸைக் கவ்வ, ஆக்டோபஸ் தன் கையை அதன் செவுளுக்குள் விட்டு மூச்சை அடைக்கிறது, சுறா விட்டுவிடுகிறது. கைக்குழந்தை நீளம்கூட வராத சுறா முதல் ஆளை விழுங்கும் அளவு சுறா வரை ஐந்நூறு வகைக்கு மேல் இருக்கும்போது ஏன் எப்போதும் அந்த மூன்று நான்கையே காட்ட வேண்டும்? கிரீன்லாந்து சுறா 270 வருடத்துக்கு மேல் வாழும் என்று 2016-இல் கண்டுபிடித்தார்கள், கண் லென்ஸை வைத்து. அதைக் கண்டுபிடித்த விதத்தை நிதானமாகக் காட்டுங்கள் போதும்.

யார் பேசுகிறார்கள் என்பதும் முக்கியம். ஷார்க் வீக்கின் 201 நிகழ்ச்சிகளை எடுத்து ஆராய்ந்த கட்டுரை 2022-இல் வந்தது. அதில் பேசியவர்களில் பெண்களைவிட மைக் என்ற பெயருள்ள வெள்ளையர்கள் அதிகமாம். கடலோரத்தில் சுறாவோடே வாழ்கிறவர்கள் எங்கே?

நம் நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது. குஜராத் கடற்கரையில் திமிங்கலச் சுறாக்களைக் கொல்வதை மைக் பாண்டே 2000-இல் படமாக எடுத்தார், அடுத்த வருடமே அதற்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அப்புறம் குஜராத்தில் ராமாயணக் கதை சொல்லும் ஆன்மிகப் பேச்சாளர் முராரி பாபு, பிரசவத்துக்குப் பிறந்த வீடு வரும் மகளைப் போன்றது இந்தச் சுறா என்று மீனவர்களிடம் பேசினார். வலையில் மாட்டினால் அவர்களே வலையை அறுத்து விட ஆரம்பித்தார்கள். வலையை அறுக்கும் அந்தக் கையையும், அறுத்த வலைக்கு வனத்துறை தரும் பணம் கட்டுப்படியாகிறதா என்று வீட்டில் நடக்கும் பேச்சையும் ஒரு மணி நேரம் காட்டினால் நான் பார்ப்பேன். தூண்டில் போட்டு ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் பேர்பெற்ற கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்களோடு கேமரா கடலுக்குப் போனால் டப்பிங்கும் தேவைப்படாது, அவர்கள் பேச்சிலேயே கேட்டுக்கொள்ளலாம்.