ஐந்து நாள் கம்போடியா: அங்கோர் மட்டும் போதுமா, நோம் பென்னும் சேர்க்கணுமா?

கம்போடியாவுக்கு டிக்கெட் போட்டதும் எல்லோருக்கும் வருகிற ஆசை ஒன்று உண்டு. அவ்வளவு தூரம் போகிறோம், அங்கோர் கோயில்கள் இருக்கிற சியம் ரீப்போடு ஏன் நிறுத்தணும், தலைநகர் நோம் பென்னையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாமே என்று. நான் இரண்டு விதமாகவும் போய் வந்திருக்கிறேன். முதல் தடவை நண்பர்களோடு இரண்டு ஊரும், இரண்டாவது தடவை அம்மாவோடு சியம் ரீப் மட்டும். இரண்டுக்கும் நாள் கணக்கு ஒன்றுதான், ஐந்து நாள். ஆனால் மனதில் நின்றதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஐந்து நாள் என்று சொல்கிறோமே, அதை முதலில் எண்ணிப் பார்த்துவிடுங்கள். சென்னையிலிருந்து பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று எங்கேயாவது இறங்கி மாறித்தான் பெரும்பாலும் போகவேண்டியிருக்கும், அதனால் முதல் நாள் போய்ச் சேருவதிலேயே போய்விடும். சியம் ரீப்பில் 2023 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் வேறு ஊரைவிட்டு 40 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது, காரில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளவேண்டும். கடைசி நாளும் இதே கதை. ஆக, கையில் முழுசாக நிற்பது மூன்று நாள்தான். இந்த மூன்று நாளை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் கேள்வியே.

இரண்டு ஊர் திட்டத்தில் இந்த மூன்றில் ஒன்று வழியிலேயே போய்விடுகிறது. சியம் ரீப்புக்கும் நோம் பென்னுக்கும் நடுவே 300 கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸில் ஐந்திலிருந்து ஆறு மணி நேரம். அறையைக் காலி பண்ணி, பஸ் பிடித்து, அங்கே போய் வேறு அறை எடுத்து, குளித்துவிட்டு வெளியே வரும்போது மணி நாலாகியிருக்கும். விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பார்கள், உண்மைதான், ஆனால் இந்தப் பக்கம் ஒரு மணி நேரம் காரில் போகவேண்டும், அந்தப் பக்கம் 2025 செப்டம்பரில் திறந்த புது விமான நிலையமும் நகருக்கு வெளியேதான், நடுவில் காத்திருப்பு வேறு. அரை நாள் நிச்சயம் போச்சு.

இனி அங்கோர் பக்கம் பார்ப்போம். நுழைவுச் சீட்டு ஒரு நாளைக்கு 37 டாலர், மூன்று நாளைக்கு 62, ஏழு நாளைக்கு 72. மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாளில் பயன்படுத்தவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பத்து நாளுக்குள் எந்த மூன்று நாள் வேண்டுமானாலும் போகலாம். இரண்டு ஊர் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நாள் சீட்டை வாங்கி, அங்கோர் வாட்டில் சூரிய உதயம், அப்புறம் பயோன் கோயில், அப்புறம் தா ப்ரோம் கோயில் என்று துக்-துக்காரர்கள் (அந்த ஊர் ஆட்டோக்காரர்கள்) 'சின்ன சுற்று' என்று சொல்வதை ஒரே மூச்சில் முடிப்பார்கள். நாங்களும் அப்படித்தான் முடித்தோம். பதினொரு மணிக்கு மேல் கல் கொதிக்கிறது. தா ப்ரோமில் வேர் தழுவிய வாசலுக்கு முன்னால் படம் எடுக்க வரிசையில் நின்றோம், எங்கள் முறை வந்தபோது பின்னாலிருந்து ஒரு கூட்டம் அவசரப்படுத்தியது, எடுத்தோம், நகர்ந்தோம். அந்த மரத்தை நான் பார்த்தேனா என்று கேட்டால், படத்தில் பார்த்தேன் என்றுதான் சொல்லவேண்டும்.

இதில் நேரமும் இடிக்கிறது. அங்கோர் வாட் காலை 5 மணிக்கே திறந்துவிடும், தா ப்ரோம் 7:30க்குத்தான். தா ப்ரோமை அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் கதவு திறக்கும்போதே வாசலில் நிற்கணும், ஒன்பது மணிக்கெல்லாம் கூட்டம் வந்துவிடும். உதயம் பார்த்த அதே நாளில் அதுவும் வேண்டுமென்றால் அங்கோர் வாட்டை ஓடி ஓடித்தான் பார்க்கவேண்டும். ஒரே நாளில் இரண்டையும் உருப்படியாகப் பார்க்க வழியே இல்லை. இரண்டு காலை வேண்டும்.

ஓடிப் பார்த்தால் என்ன போய்விடும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அங்கோர் வாட் மேற்கு பார்த்த கோயில். உதயம் பார்க்கிறவர்கள் எல்லோரும் மேற்கே குளத்தங்கரையில் நின்று, சூரியன் ஏறியதும் சாப்பிடக் கிளம்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் அப்படியே உள்ளே நடந்து கிழக்குப் பிராகாரத்துக்குப் போங்கள். பாற்கடல் கடையும் சிற்பம் அங்கேதான் இருக்கிறது, கிட்டத்தட்ட 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவர். ஒரு பக்கம் 92 அசுரர்கள், இன்னொரு பக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால், கீழே ஆமை. காலை வெயில் தூண்களுக்கு நடுவே சாய்ந்து வந்து சுவரில் விழும்போது வாசுகியைப் பிடித்து இழுக்கிற ஒவ்வொரு கையும் தனியாகத் தெரியும். கீழே கடலைப் பாருங்கள். ஓரத்தில் மீன்கள் முழுசாக நீந்துகின்றன, மத்துக்குப் பக்கத்தில் வர வர, கடைகிற வேகத்தில் துண்டு துண்டாகிக் கிடக்கின்றன. அந்தச் சிற்பி சுழலின் வேகத்தை மீனை வைத்துச் சொல்லியிருக்கிறான். அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டு, அசுரர் பக்கத்துக் கடைசி ஆளிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதல் தடவை நான் இந்தச் சுவர் இருக்கிற பக்கமே போகவில்லை, பிராகாரத்தை முழுசாகச் சுற்ற முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும் என்பதால் பாதியிலேயே திரும்பிவிட்டோம்.

பந்தே ஸ்ரீ கோயிலும் அப்படித்தான். 967ல் குடமுழுக்கு கண்ட சின்னக் கோயில், சிவப்பு மணற்கல், நகரிலிருந்து 35 கிலோமீட்டர் போல இருக்கும், துக்-துக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாள் சீட்டுக்காரர்கள் தூரம் என்று விட்டுவிடுவது இதைத்தான். தமிழர்கள் இதை விடவே கூடாது என்பேன். கிழக்கு வாசலுக்கு மேலே சிவன் ஆடுகிறார், அவர் காலடியில் ஓரமாக எலும்பும் தோலுமாய், வற்றிய மார்போடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவரைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். வங்கக் கடல் தாண்டி, இத்தனை தூரத்தில் ஒரு கெமர் கோயில் வாசலில், பேயார் என்று போற்றப்படும் நம் அம்மையார். அம்மா கைகூப்பியபடி ரொம்ப நேரம் பேசவே இல்லை.

சரி, நோம் பென்னுக்கு ஒன்றுமே இல்லையா? நிறைய இருக்கிறது, அதனால்தான் ஒன்றரை நாளில் செருகாதீர்கள் என்கிறேன். அரண்மனையும் தேசிய அருங்காட்சியகமும் ஒரு நாளில் பார்த்துவிடலாம். துவோல் ஸ்லெங் அப்படியில்லை. 1975லிருந்து 1979 வரை கெமர் ரூஜ் என்ற தீவிர கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தைச் சிறையாக்கி ஆயிரக்கணக்கானவர்களைச் சித்திரவதை செய்த இடம். சுவர் முழுக்க அவர்களின் முகங்கள். அங்கிருந்து கொண்டுபோய்க் கொன்று புதைத்த இடமான சோயுங் ஏக், நகரிலிருந்து 15 கிலோமீட்டர் போல. நாங்கள் இரண்டையும் ஊர் திரும்பும் நாளில், பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் போனோம். அந்த முகங்களுக்கு முன்னால் நேரமாச்சு, நேரமாச்சு என்று ஒருவரையொருவர் அவசரப்படுத்தியது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. அங்கே போனால் அன்றைக்கு வேறு எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது.

எனவே என் கணக்கில் ஐந்து நாளென்றால் சியம் ரீப் மட்டும். ஏழு நாள் கிடைத்தால் தாராளமாக இரண்டும், அப்போதும் சியம் ரீப்பில் இறங்கி நோம் பென்னிலிருந்து திரும்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள், வந்த வழியே திரும்பி ஒரு நாளைத் தொலைக்காதீர்கள். கோயில் சிற்பத்தில் பெரிய ஈடுபாடு இல்லை, அந்த நாட்டின் சமீப காலத்து வரலாறுதான் இழுக்கிறது என்றால், நோம் பென்னில் மூன்று இரவு தங்கி அங்கோரை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வதும் நல்ல திட்டம்தான்.

ஒரே ஊரில் தங்கினாலும் நிரப்பித் தள்ள வழி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பெங் மியாலியா, கோ கேர் கோயில்கள், குலேன் மலை என்று ஓட்டுநர் அடுக்கிக்கொண்டே போவார். ஒவ்வொன்றும் நெடுந்தூரம், குலேனுக்கு 20 டாலர் தனிச் சீட்டு. மூன்று நாளில் இவற்றில் ஒன்றுகூட வேண்டாம். தொன்லே சாப் ஏரி மழைக்காலத்தில் பல மடங்கு விரிந்து கடல் போல இருக்கும், மார்ச், ஏப்ரலில் தண்ணீர் வற்றிக் கிடக்கும், அப்போது போகாமலே விட்டுவிடலாம்.

அம்மாவோடு போனபோது நாங்கள் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். வந்திறங்கிய அன்று மாலை 5 மணிக்கு மேல் சீட்டு வாங்கினோம், அப்படி வாங்கினால் மறுநாளிலிருந்துதான் கணக்கு. முதல் காலை அங்கோர் வாட், இரண்டாவது காலை 7:30க்கு தா ப்ரோம், பிறகு பயோன், மூன்றாவது காலை பந்தே ஸ்ரீ. தினமும் பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பி, சாப்பிட்டு, தூக்கம். சாயங்காலம் எதுவும் எழுதி வைக்கவில்லை. இரண்டாவது நாள் சாயங்காலம் அம்மாவே, "அந்த மீனை இன்னொரு தடவை பார்க்கலாமா?" என்றார். சீட்டு கையில் இருந்தது, துக்-துக்கில் ஏறினோம்.