சிலிங், பெர்டாக், செம்பனைப் பாதை: குழுவாக நடக்க எது?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துக் கோல குபு பாருவில் ஆற்றோரமாகக் குழு நடை என்று பேச்செடுத்தால் இளைஞர்கள் உடனே சிலிங் அருவி என்பார்கள். பெரியவர்களுக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துப் பாதையே போதும். இரு தரப்பும் மறந்துபோவது பெர்டாக் கிராமத்தை.

அழகில் சிலிங் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும், மறுப்பதற்கில்லை. பிரேசர் மலைச் சாலையிலிருந்து உள்ளே இறங்கி, ஐந்தாறு இடங்களில் ஆற்றைக் கடந்தால் அருவி. கெலா எனும் ஆற்று மீன்களின் காப்பகம் அது. தூண்டில் போடத் தடை என்பதால் மீன்களுக்கு ஆள் பயமே இல்லை. தண்ணீரில் அசையாமல் நின்றால் காலை உரசிக்கொண்டு போகும். சிக்கலெல்லாம் ஆற்றைக் கடப்பதில்தான். பாறைகள் வழுக்கும். இருபது பேர் போனால், முன்னால் போனவர் மூன்றாம் முறை கடந்துகொண்டிருக்கையில் கடைசி ஆள் முதல் கரையில் கால்சட்டையை மடித்துக்கொண்டிருப்பார். மேலே மலையில் மழை பிடித்துவிட்டால், இங்கே வெயில் காய்ந்தாலும் கெப்பாலா ஆயர் எனும் திடீர் வெள்ளம் பாய்ந்து வரும். தெளிந்த நீர் கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் நிற்கிற கரையிலேயே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளைகள் ஒரு கரை, பெற்றோர் மறு கரை என்றிருந்தால்? எட்டுப் பேருக்கு மேற்பட்ட கூட்டத்துக்கு நான் சிலிங்கைச் சொல்லவே மாட்டேன்.

தோட்டத்துப் பாதையில் இந்தக் கவலை இல்லை. நான்கு பேர் சேர்ந்து கதை பேசியபடி நடக்கலாம். ஆனால் பால்மரம் (ரப்பர்) இருந்தபோது கிடைத்த நிழல் செம்பனை வந்தபின் பாதையில் விழுவதில்லை. பத்து மணிக்கே மண்டை காய்கிறது. வெட்டிக் குவித்த மட்டைகளுக்குள் பாம்பு இருக்கும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. ஆறோ எப்போதாவது தலைகாட்டுவதோடு சரி.

பெர்டாக், சிலாங்கூர் அணைக்கு மேலே இருக்கும் தெமுவான் பூர்வகுடி மக்களின் கம்பம், அதாவது கிராமம். அணைக்காகத் தங்கள் பழைய இடத்தை விட்டு வந்தவர்கள் அவர்கள். அவர்கள் வாசலை ஒட்டித்தான் நடக்கிறோம். ஒலிபெருக்கிக்கு அங்கே வேலையில்லை. கம்பத்தைத் தாண்டினால் லுயிட் ஆறும் காடும். இங்கும் அட்டை உண்டு, ஆற்றில் இறங்க வேண்டிய இடமும் உண்டு. ஆனாலும் குழுவுக்கு என் ஓட்டு இதற்கே. முடியாதவர்கள் இக்கரையிலேயே மர நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம், நடக்கக்கூடியவர்கள் லாத்தா மாக்காவ் அருவிவரை போய் வரலாம். அதற்கு மேல் புக்கிட் கூத்து இருக்கிறது: ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரம். வெள்ளைக்கார அதிகாரிகள் உடம்பு தேற 1893இல் உச்சியில் கட்டிய ஓய்வில்லத்தின் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. அது தனி நாள் வேலை, பாட்டியையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போகிற இடமல்ல.

காலணிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணி, அந்தக் ‘கம்போங் அடிடாஸ்’, ஈரப் பாறையில் நன்றாகப் பிடிக்கும். சிலிங்கும் புக்கிட் கூத்தும் சில சமயம் மூடப்படுவதுண்டு. திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்று வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல், அக்டோபரை ஒட்டிப் பிற்பகலில் இடிமழை வழக்கம். பட்டணத்தில் பசியாறிவிட்டு ஏழரைக்குக் கிளம்பினால் அதற்கு முன்பே திரும்பிவிடலாம்.