குமுளி பைத்தான் வகுப்பு: இஃப் வரை நன்று, லூப்பில் தடுமாற்றம்

ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதும் எனக்கு 42 வயதில் நிரல் எழுதக் கற்கும் எண்ணம் வந்ததற்குக் காரணம், புற்றடிக்கும் போடிநாயக்கனூருக்கும் ஏலத்துக்கு அனுப்பும் சரக்கின் லாட் விவரத்தை ஒவ்வொரு வாரமும் எக்செல்லில் கையால் பிரித்துப் பிரித்து அலுத்துப்போனதுதான். குமுளி பேருந்து நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஒரு கணினிப் பயிற்சி மையத்தில், சனி ஞாயிறுகளில் மட்டும் நடக்கும் 8 வாரத் தொடக்கநிலை பைத்தான் நிரல்மொழி வகுப்பில் 4,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். சென்ற வாரம் வகுப்பு முடிந்தது.

எங்கள் குழுவில் 12 பேர். லோயர் கேம்ப், கூடலூர்ப் பக்கமிருந்து மலையேறி வரும் பிளஸ் டூ பிள்ளைகள், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நிரல் பகுதியை, தமிழகப் பாடநூலில் படித்த பழக்கத்தில் 'மடக்கு' என்பார்கள். குமுளிப் பள்ளிகளில் படிப்பவர்கள் 'லூப்' என்பார்கள். ஆசிரியை இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி, மலையாளத்தில் கேட்டவருக்கு மலையாளத்திலும் தமிழில் கேட்டவருக்குத் தமிழிலும் பதில் தந்தார். மொழியால் யாரும் பின்தங்கவில்லை.

இந்த வகுப்பின் சிறப்பு, நிபந்தனைக் கூற்றுகளைக் (இஃப் என்றால் 'இப்படி இருந்தால்', எலிஃப் என்றால் 'இல்லை, அப்படி இருந்தால்', எல்ஸ் என்றால் 'எதுவுமே இல்லாவிட்டால்') கற்பித்த விதம். இரண்டாவது சனிக்கிழமை ஆசிரியை கணினியைத் தொடவே விடாமல், என் தொழிலைக் கேட்டறிந்து, "அண்ணே, காயைத் தரம் பிரிக்கும்போது முதல்ல எந்தச் சல்லடையை வைப்பீங்க?" என்றார். 8 மி.மீ. துளை உள்ளதுதான் மேலே இருக்கும், அதில் தங்காதது 7-க்கு இறங்கும், அதிலும் தங்காதது 6-க்கு இறங்கும் என்றேன். 6 மி.மீ. சல்லடையை முதலில் வைத்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்டபோது, பெருங்காயும் சிறுகாயும் ஒன்றாக அதிலேயே தங்கிவிடும் என்று சொன்ன அந்த நொடியில் எனக்கு எலிஃப் விளங்கிவிட்டது. இஃப், எலிஃப், எல்ஸ் என்று அடுக்கும்போது பைத்தான் மேலிருந்து கீழே வரும். முதலில் எந்த நிபந்தனை உண்மையாகிறதோ அங்கேயே நின்று, மற்றவற்றைப் பார்க்காமல் வெளியேறிவிடும். ஆகவே '6 அல்லது அதற்கு மேல்' என்ற கேள்வியை முதலில் கேட்டால், 8 மி.மீ. போல்ட் (பருத்த) காயும் அதற்கே 'ஆம்' என்று சொல்லி மலிவுத் தரத்தில் விழும்.

அதோடு விடவில்லை. 8.2, 7.5, 6.4, 8.0, 5.8 என்று ஐந்து காய்களின் அளவுகளைக் கொடுத்து, எலிஃப்களை எல்லாம் தனித்தனி இஃப் ஆக மாற்றி ஓட்டச் சொன்னார். ஐந்து காய்க்குப் பத்துக் கணக்கு வந்தது, 8.2, 8.0 இரண்டும் மூன்று தரத்திலும் எண்ணப்பட்டிருந்தன. ஒரே காய் மூன்று சல்லடையில் எப்படிக் கிடக்கும் என்று வகுப்பே சிரித்தது. 'பெரியது' என்ற குறிக்கும் 'பெரியது அல்லது சமம்' என்ற குறிக்கும் உள்ள வேறுபாட்டில் 8.0 எந்தப் பக்கம் விழும் என்பதை அடுத்துக் காட்டினார். கிலோ கணக்கில் பேசும் கடைக்காரனுக்கு அது வெறும் குறியீட்டுப் பாடம் அல்ல, பணம்.

மூன்றாவது வாரம் லூப் தொடங்கியதும் ஆசிரியர் மாறினார், வகுப்பின் தரமும் மாறியது. புதியவர் மையம் அச்சிட்டுக் கொடுத்த நோட்ஸை அப்படியே வாசித்தார். அந்த நோட்ஸில் ஒரு பெருங்குறை: தட்டச்சு செய்தவர் எல்லா வரிகளையும் இடது ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார். பிளஸ் ஒன் பிள்ளைகள் படிக்கும் சி++ மொழியில் எந்த வரி எதற்குள் என்று காட்ட நெளிவு அடைப்புக்குறிகள் இருப்பதால் அப்படி அச்சிட்டாலும் பொருள் மாறாது. பைத்தானிலோ வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்பதே இலக்கணம். நான்கு இடைவெளி விடுவது வழக்கம். அச்சில் உள்ளபடி அடித்தால் நிரல் ஓடாது; எந்த வரி லூப்புக்குள் சேரும், எது வெளியே நிற்கும் என்று நாமே ஊகிக்க வேண்டும். பத்து மூட்டையின் எடையைக் கூட்டும் பயிற்சியில் 'மொத்தம் = 0' என்ற வரியை நான் உள்ளே தள்ளிவிட்டேன்; ஒவ்வொரு சுற்றிலும் மொத்தம் சுழியத்துக்குத் திரும்பி, கடைசி மூட்டையின் எடை மட்டும் விடையாக வந்தது. பக்கத்திலிருந்த மாணவி அச்சிடும் வரியை உள்ளே தள்ளியதால் அவளுக்குப் பத்து மொத்தங்கள் வந்தன. இரண்டும் ஏன் நேர்ந்தன என்று ஆசிரியர் விளக்கவில்லை.

லூப் எந்த எண்ணிலிருந்து எதுவரை சுற்ற வேண்டும் என்று சொல்லும் ரேஞ்சில் 1, 10 என்று எழுதினால் பத்தாவது மூட்டை ஏன் விடுபடுகிறது என்று கேட்டதற்கு, "அது அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்" என்றார். மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை. இறுதி எண் சேராது என்பதால்தான் முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் சுற்றுகளின் எண்ணிக்கை கிடைக்கிறது. 1 முதல் 11, 11 முதல் 21 என்று அடுத்தடுத்த தொகுதிகள் எந்த மூட்டையும் இருமுறை வராமல் சேர்ந்துகொள்கின்றன. இதை வீட்டில் தாளில் எழுதிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை சுற்றும் வைல் லூப் பாடத்தன்று எண்ணை ஒன்று கூட்டும் வரியை ஒரு பையன் விட்டுவிட, நிபந்தனை பொய்யாகவே ஆகாமல் திரை முழுக்க எண் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கினான். கன்ட்ரோல் விசையோடு சி-யை அழுத்தினால் நின்றுவிடும் என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

கணினிகள் எட்டுதான், பழையவை, ஆனால் பைத்தானுக்குப் போதும். மழைக்காலத்தில் மின்சாரம் போனால் யு.பி.எஸ். கிடையாது. கட்டணம் இந்தப் பக்கத்துக்கு நியாயம்தான்.

முதல் இரண்டு வாரம் எடுத்த ஆசிரியையே அடுத்த குழுவுக்கு லூப்பும் எடுக்கிறாரா என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நோட்ஸ் கைக்கு வந்த அன்றே, எந்த வரி எதற்குள் அடங்கும் என்று அவரிடமே கேட்டுப் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் பிரதியில் அப்படிப் போட்டிருக்கிறேன், கடைக்கு வந்தால் நகல் எடுத்துக்கொள்ளலாம்.