செல்போன் இடம் காட்ட இரண்டு பாதைகள்: சிக்னலா, டேட்டாவா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் நாங்கள் 2022 ஏப்ரல் வெள்ளத்தை மறக்கவில்லை. எங்கள் மாகாணமான குவாசூலு-நட்டாலில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படி ஒரு இரவில் பதறிப்போய் அழைப்பவரால் தெருப் பெயரைச் சரியாகச் சொல்ல முடியுமா? போனே சொல்லிவிட்டால் நல்லது. அதற்கு இரண்டு தரநிலைகள் உண்டு.

ஒன்று, செல்போன் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி (3GPP) என்ற அமைப்பு வகுத்த கட்டுப்பாட்டுத் தளம் (control plane). அழைப்பை இணைக்கும் அதே சிக்னல் பாதையில் இடத் தகவலும் போகும். டேட்டா தீர்ந்திருந்தாலும் கவலையில்லை. ஆனால் நெட்வொர்க்கின் உள்ளேயே கருவிகளை மாற்ற வேண்டும். செலவு அதிகம்.

இன்னொன்று, ஓப்பன் மொபைல் அலையன்ஸ் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு உருவாக்கிய சூப்பல் (SUPL). இதில் போன் சாதாரண இணைய டேட்டா வழியே ஒரு சர்வரோடு பேசும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரத்தை வானத்திலிருந்து இறக்க, நல்ல சிக்னலிலேயே சுமார் 30 வினாடி பிடிக்கும். சர்வர் அதை முன்கூட்டியே தந்துவிடுவதால் சில வினாடிகளில் இடம் தெரிந்துவிடும். டாக்ஸி ஆப்புக்கு இது தாராளம்.

துல்லியத்தில் பெரிய வேறுபாடு இல்லை. இடத்தைக் கணிக்க போனும் சர்வரும் பேசிக்கொள்ளும் எல்பிபி (LPP) என்ற ஒரே நெறிமுறை இரண்டு பாதையிலும் ஓடும். வேறுபாடு பாதையில்தான். அதனால் 112 என்ற அவசர உதவி எண்ணுக்கான அழைப்புக்கு நான் கட்டுப்பாட்டுத் தளத்தையே கேட்பேன். எங்கள் பகுதியில் மாதக் கடைசியில் டேட்டா இல்லாத போன்கள்தான் அதிகம்.