கொடுவாவுக்கென்று வாங்கிய தூண்டில் செட்: ஐந்து மாதம் கழித்து

பாரிமுனைப் பக்கம் ஒரு சந்துக் கடையில் 3,400 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டு அடி ராடு, 4000 சைஸ் ரீல், 100 மீட்டர் தூண்டில் நரம்பு, இரையாக வீச மூன்று பிளாஸ்டிக் மீன்கள். "கொடுவாவுக்குன்னே சேர்த்து வெச்சது சார், கரையில நின்னு வீசினா போதும்" என்றார் கடைக்காரர். அதற்குப் பிறகு பதினோரு ஞாயிற்றுக்கிழமை முட்டுக்காடு உப்பங்கழியில் வீசியாகிவிட்டது.

ராடில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு துண்டாகக் கழலும். எக்ஸெல் வண்டியில் கட்டிக்கொண்டு ராயப்பேட்டையிலிருந்து ஈசிஆர் வழியாகப் போய் வருகிறேன், இதுவரை ஒரு வளையம்கூட நெளியவில்லை. நுனி மெல்லிசு, நடுப்பகுதி நல்ல கெட்டி. 20 கிராம் லூர், அதாவது அந்தப் பிளாஸ்டிக் மீன், மணல் திட்டைத் தாண்டி, தண்ணீர் இழுத்து ஓடும் ஆழத்தில் போய் விழுகிறது. நுரை ரப்பர் கைப்பிடி மட்டும் இறால் நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. வீட்டில் அதற்குப் பால்கனியில்தான் இடம்.

வினையே நரம்பில்தான். ஓசியில் வந்ததாயிற்றே. ஸ்பூலில் கிடந்து கிடந்து சுருள் விழுந்து, வீசும்போதெல்லாம் வளையம் வளையமாகக் கழன்றது. பக்கத்தில் வலை வீசிக்கொண்டிருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "இன்னாபா இது, நரம்பா நூடுல்ஸா?" என்றார். "கடையில சும்மா குடுத்தாங்கண்ணே" என்றேன். "அப்ப அப்டித்தான் இருக்கும்" என்று திரும்பிக்கொண்டார்.

நான்காவது ஞாயிறு. அமாவாசைக்கு மறுநாள். சென்னைக் கடலில் ஏற்றவற்றம் அதிகபட்சம் ஒரு மீட்டரை ஒட்டித்தான், ஆனால் அந்த ஒரு மீட்டர் தண்ணீர் குறுகிய வாய்க்கால் வழியாகத் திரும்பி ஓடும்போது மடவைக் குஞ்சுகள் நிலைகொள்ளாமல் அடித்துக்கொண்டு வரும். கொடுவா அங்கேதான் காத்துக்கிடக்கும். ஆறேகால் மணிக்கு ராடு வளைந்தது. மீன் தண்ணீருக்கு வெளியே பாதி உடம்பை எழுப்பி, வாயை அகலத் திறந்து தலையை உதறியது. லூர் அதன் செவுளில் மோதிய 'கடகட' சத்தம் கரைவரை கேட்டது. அப்புறம் ராடு நிமிர்ந்துவிட்டது. நரம்பை இழுத்துப் பார்த்தால் முனை கத்தரித்த மாதிரி. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி, 0.35 மில்லி நரம்பு எம்மாத்திரம்? கொடுவாவுக்கென்றே சேர்த்த செட்டில், லூருக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பான லீடர் ஒரு முழம்கூட இல்லாததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மறுநாளே பிரெய்டு என்கிற பின்னல் நரம்பும் 0.60 மில்லி லீடரும் தனியாக வாங்கினேன். இன்னொரு 900 ரூபாய். வாங்க நினைப்பவர்கள் 4,300 என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ரீல் இரண்டாம் மாதமே 'கரக் கரக்' என்றது. நான் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன், சத்தம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வராது. பக்க மூடியின் மூன்று திருகைக் கழற்றினேன். உள்ளே சுண்டுவிரல் நுனியில் எடுக்கும் அளவுக்குக்கூட கிரீஸ் இல்லை. பிரஸ்ஸில் இருந்ததைக் கொஞ்சம் தடவியதும் சரியாகிவிட்டது. நரம்பு உராய்ந்து ஓடும் சின்ன உருளைதான் தேறவில்லை. அதற்குள் பேரிங்கே கிடையாது, வெறும் பிளாஸ்டிக் புஷ். உப்பு இறங்கி, சுற்றாமல் அப்படியே நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு குவளை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவியும் இந்தக் கதி. மீன் இழுத்தால் நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்கான டிராக் மட்டும் இன்றுவரை மிருதுவாகவே இழுக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது.

பிளாஸ்டிக் மீன்களில் ஒன்று நீந்தவே இல்லை, குடைசாய்ந்த படகு மாதிரி வந்தது. ஒன்று அந்தக் கொடுவாவோடு போனது. மூன்றாவது, பச்சை முதுகுள்ளது, போன ஞாயிறு எனக்கு முதல் கொடுவாவைக் கொடுத்தது.

பெரிதில்லை. கைப்பிடி அடியிலிருந்து ரீல் பொருத்தும் இடம்கூட வரவில்லை, ஒரு முழத்துக்குக் குறைவு. ஆனால் அந்த வெள்ளி உடம்பும், டார்ச் ஒளியில் தணல் மாதிரி மின்னிய கண்ணும்! கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, சில வருடம் கழித்துத்தான் பெண்ணாக மாறும். இது இன்னும் சின்னப் பையன். தண்ணீரில் விட்டேன், வாலை ஒரு அடி அடித்துப் போய்விட்டது. மீன் வரும் என்று மாமியார் புளி ஊறவைத்திருந்ததால், திரும்பும் வழியில் பட்டினப்பாக்கத்தில் வஞ்சிரம் வாங்க வேண்டியதாயிற்று. "கொடுவான்னு சொன்னீங்களே மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

ராடுக்கு ஐந்துக்கு ஐந்து, ரீலுக்கு இரண்டரை, நரம்புக்கு முட்டை. உருளைக்கு ஸ்பேர் கிடைக்குமா என்று திங்கட்கிழமை கடையில் கேட்டேன். "இதுக்கெல்லாம் ஸ்பேர் வராது சார், புது ரீல் காட்டட்டுமா?" என்றார். காட்டினார். அதிலும் அதே பிளாஸ்டிக் புஷ்.